டிக்கிக்குள் ஒரு கன அடி

2012-இல் டிசையர் கார் புது உருவத்தில் வந்தபோது, கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி அடிக்கும் எங்கள் சந்தில் எல்லோரும் முதலில் டிக்கியைத்தான் திறந்து பார்த்தோம். 2008-இல் வந்த பழைய டிசையருக்கு டிக்கி 440 லிட்டர். புதியதற்கு 316. டேப்போடு குனிந்தவன் நிமிரும்போதே எனக்குக் கணக்கு ஓடிவிட்டது. 124 லிட்டர் போய்விட்டது. நாலு கன அடிக்கும் மேல். 12 இன்ச் சப்வூஃபர் ஒன்றுக்கு மூடிய பெட்டி அடிக்க எங்களுக்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு கன அடி. பாட்டுப் பெட்டியும் வைத்து ஊருக்குப் போகும் சூட்கேஸ்களையும் அடுக்கிய அதே குடும்பம், இனி இரண்டில் எது என்று யோசிக்க வேண்டும்.

காரணம் 2006 பட்ஜெட். நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் அடங்கும் கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைந்தது. அதன் பிறகு டிக்கி நீண்ட கார்களைக்கூட நாலு மீட்டருக்குள் அடக்க ஆரம்பித்தார்கள். 2008-இல் இண்டிகோ சி.எஸ்., பிறகு இந்த டிசையர், அப்புறம் வரிசையாகப் பல. வரி குறைந்தது கார் வாங்குகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் டெல்லியில் போட்ட ஒரு உத்தரவு, சென்னை ஜி.பி. ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு ஆசாரி அறுக்கும் பலகையின் அளவை மாற்றிவிட்டது. நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து இடம் குறைந்துகொண்டேதான் வருகிறது. பேஸ் மட்டும் ஆழமாக இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கின்றன என்று புரிந்துகொள்ள எனக்குப் பாதி ஆயுள் ஆனது.

என் அப்பாவும் ஆசாரிதான். கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ரேடியோ செட் கட்டுகிறவர்களுக்குப் பெட்டி அடித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் பீரோ உயரம். இரண்டு ஆள் பிடித்துத்தான் டெம்போவில் ஏற்ற முடியும். "உள்ள காத்து தாராளமா உலாவணும்டா, அப்பதான் அடி எறங்கும்" என்பார். அவர் சொன்னது தப்பில்லை. உலகம் முழுக்கவே கால் நூற்றாண்டுக்கு மேல் அதையே நம்பியிருந்தது.

இன்று நாம் பார்க்கும் காயிலும் கோனும் வைத்த ஸ்பீக்கரை, ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் உருவாக்கிக் காட்டினார்கள். கோன் முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. மேல் ஸ்தாயி ஒலிக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. அடி ஒலி அப்படி இல்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். அது ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றிவந்துவிடும்; முன்னால் தள்ளியதைப் பின்னால் இழுத்தது கரைத்துவிடும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட விட்டால் பேஸே கேட்காததற்குக் காரணம் இதுதான். பின்பக்க ஒலியை அடைத்துவைக்கத்தான் பெட்டி.

அடைத்தால் இன்னொரு தொல்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனை எதிர்த்துத் தள்ளும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள், அந்த முரண்டுதான். பெட்டி சிறுத்தால் முரண்டு கூடும். முரண்டு கூடினால் கோன் மெதுவாக, நீளமாக அசையாது. பேஸ் மேலே ஏறிவிடும். அதனால்தான் பீரோ பீரோவாக அடித்தார்கள்.

இந்த இடத்தில் 1954-இல் ஒரு மனிதர் வருகிறார். எட்கர் வில்ச்சர். நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற ஊரில் குடியிருந்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றிப் பாடம் நடத்தியவர். கோனைப் பிடித்து நிறுத்தும் விளிம்பும் துணி வளையமும் ஒரு ஸ்பிரிங்போல வேலை செய்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஸ்பிரிங் ஒழுங்காக இல்லை, கோன் தூரம் போகப் போகக் கோணலாக இழுக்கிறது, பேஸ் கரகரப்பதே அதனால்தான் என்று அவருக்குப் பட்டது. காற்றோ ஒழுங்கான ஸ்பிரிங். அப்படியானால் விளிம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டு, கோனைத் திருப்பி இழுக்கும் வேலையைப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடமே கொடுத்தால் என்ன என்று கேட்டார். காற்றின் முரண்டு வேண்டும் என்றால் பெட்டி சின்னதாகத்தான் இருக்க வேண்டும். முப்பது வருஷமாக எல்லோரும் பகையாளியாகப் பார்த்ததை இவர் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

முதல் மாதிரிக்கு வேண்டிய தொளதொள விளிம்பை அவர் மனைவி ரோஸ்மேரி மெத்தைக்குப் போடும் கெட்டித் துணியில் தைத்துக் கொடுத்தார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சந்தில் ஒரு மூலையில் நான் பெட்டி அடிக்கிறேன், எதிர் மூலையில் ஒருவர் மெத்தை தைக்கிறார், இருவரும் ஒரே டீக்கடையில் நிற்கிறோம்; இரண்டு தொழிலும் இப்படிக் கை கோத்திருக்கும் என்று தோன்றியதே இல்லை. வில்ச்சர் தன் யோசனையை விற்க முயன்றபோது கம்பெனிகள் வேண்டாம் என்றன. பிறகு தன் மாணவர் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அகௌஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அவர்கள் செய்த ஏ.ஆர்.-1, அலமாரித் தட்டில் உட்காரும் அளவு. 12 இன்ச் வூஃபர், உள்ளே கண்ணாடி நார் திணித்த மூடிய பெட்டி. இன்று ஒரு காரின் டிக்கியில் நான் வைக்கும் மூடிய பெட்டி அதன் பேரன்.

கிளாஸ் 1957-இல் அங்கிருந்து விலகி மால்கம் லோ, ஆன்டன் ஹாஃப்மன் என்ற இரண்டு பேரோடு கே.எல்.எச். கம்பெனியைத் தொடங்கினார். மூவர் பெயரின் முதல் எழுத்துகள் அவை. கடைசி எழுத்துக்குரிய ஹாஃப்மனை எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவருடைய அப்பா ஜோசஃப் ஹாஃப்மன், போலந்தில் பிறந்து உலகப் புகழ் பெற்ற பியானோ கலைஞர். வாசிப்பு போக அவருக்கு இன்னொரு பைத்தியம் புதுக் கருவிகள் கண்டுபிடிப்பது. காருக்குக் காற்று அடைத்த ஷாக் அப்சார்பர் செய்து காப்புரிமை வாங்கியவர். அப்பா காற்றை ஸ்பிரிங்காக வைத்துக் காரைத் தாங்கினார். மகன் காற்றை ஸ்பிரிங்காக வைத்த பெட்டிகளோடு வாழ்ந்தார்.

மகன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி இருக்கிறது. இரும்பு விதி என்பார்கள். பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், குறைந்த வாட்டில் சத்தமாகப் பாட வேண்டும்: மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம். கணக்கு கொடூரமானது. அதே வாட்டுக்கு அதே சத்தம் வேண்டும், ஆனால் இரண்டு மடங்கு ஆழமாகப் பாட வேண்டும் என்றால் பெட்டி எட்டு மடங்காக வேண்டும். பெட்டியைப் பெரிதாக்க முடியாதவன் சத்தத்தை விட்டுக்கொடுத்து, அதை வாட்டில் ஈடு கட்ட வேண்டும்.

இதை நான் புரிந்துகொண்டது மிருதங்கம் பார்த்துத்தான். கச்சேரிக்கு முன் இடது பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்களே, அது எதற்கு? தோலின் கனம் கூடினால் ஒலி கீழே இறங்கும். தோலின் அகலம் அதேதான், கட்டையும் அதேதான். சின்னப் பெட்டிக்கென்று செய்யும் சப்வூஃபரின் கோனைக் கையால் தூக்கிப் பார்த்தால் ரவை அப்பிய தொப்பி ஞாபகம் வரும், அவ்வளவு கனம். கனமான கோனை ஆட்ட அதிக பலம் வேண்டும். அந்த பலத்தின் பெயர் வாட்.

அப்பாவின் பட்டறையிலிருந்து நான் 1989-இல் ஜி.பி. ரோடு பக்கம் வேலைக்கு வந்தேன். அன்று சென்னைக் கார்களில் பேஸ் என்றால் அம்பாசடர். பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் இரண்டு 6x9 ஓவல் ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டுவிட்டால் டிக்கி முழுவதும் அதற்குப் பெட்டி ஆகிவிடும். நாங்கள் தனியாக ஒன்றும் அடிக்க வேண்டியதில்லை. பின் சீட்டின் முதுகுப் பலகைக்குப் பின்னால் சந்து இருந்தால் அங்கே பலகையும் ரப்பரும் வைத்து அடைப்போம். அடைத்த காருக்கும் அடைக்காத காருக்கும் வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும். ஸ்பீக்கரும் செட்டும் பெரும்பாலும் பர்மா பஜார் சரக்கு, அல்லது சிங்கப்பூர், வளைகுடா போய் வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது.

மாருதி 800 எங்களைப் படிக்க வைத்தது. மொத்தக் காரே 3335 மில்லிமீட்டர். டிக்கி என்று சொல்வது பின் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு இடுக்கு. 1994-இல் ஒருவர் புது 12 இன்ச் வூஃபரோடு வந்தார். "தம்பி, இடம் எவ்ளோ இருக்கோ அவ்ளோல முடிச்சுக் குடு, ஆனா அடி மட்டும் நெஞ்சுல விழணும்" என்றார். அளந்து இருபது லிட்டரில் ஒரு பெட்டி அடித்தேன். பெரிய கடைகளில் விற்கும் பெட்டிகளில் ஓட்டை பார்த்திருக்கிறேன். அதனால் நானும் நாலு இன்ச் பி.வி.சி. பைப்பில் பத்து சென்டிமீட்டர் அறுத்துச் செருகினேன். கண் அளவுதான், கணக்கு ஒன்றும் இல்லை. தபேலா விழும் இடமெல்லாம் அதிர்ந்தது. அவர் மகிழ்ச்சியாகக் காசு கொடுத்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் கோன் கிழிந்து காயில் வெளியே தொங்கும் வூஃபரோடு திரும்பி வந்தார். திட்டவில்லை. "என்ன தம்பி இப்படி ஆயிடுச்சு" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வேறு வூஃபர் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கிழிந்த கோன் இன்னும் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

என்ன நடந்தது என்று புரிய மூன்று வருஷம் ஆனது. இன்ஜினியரிங் படித்த ஒரு பையன், தன் அப்பாவின் காருக்குப் பெட்டி அடிக்க வந்தவன், என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். பானை வாயில் ஊதினால் ஒரே சுரத்தில் முனகும். பானையின் வயிறும் வாயின் அளவும் சேர்ந்து அந்தச் சுரத்தைத் தீர்மானிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைக் கணக்காக எழுதினார். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-இல் இதையே ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொண்டுவந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1932-இல் கிடைத்தது. ஓட்டை வைத்த பெட்டி ஒரு பானை. அதன் சுரத்தில் கோன் அதிகம் அசையாமலே பைப் பாடும். அந்தச் சுரத்துக்குக் கீழே போனால் கோனைப் பிடிக்க ஆள் இல்லை. காற்று ஓட்டை வழியாக ஓடிவிடும். கோன் கயிறு அறுந்த ஊஞ்சல்போலப் போய் மோதும். நான் அறுத்த பைப், இருபது லிட்டருக்கு, சுமார் 82 ஹெர்ட்ஸில் முனகும் பானை. அதற்குக் கீழே இருந்த எல்லா அடியும் அந்த வூஃபரைத் தனியாக விட்டு அடித்திருக்கின்றன.

சரியான கணக்கைப் போட்டுப் பார்த்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. மூன்று இன்ச் பைப், 35 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால், நாற்பது லிட்டர் பெட்டிக்குப் பைப் 22 சென்டிமீட்டர் போதும். பெட்டியைப் பாதியாக்கினால் பைப் 49 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. பெட்டி சுருங்கச் சுருங்கப் பைப் நீள்கிறது. ஒரு கட்டத்தில் பைப்பே பெட்டிக்குள் நுழையாது. சின்ன இடத்தில் ஓட்டைப் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இளம் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். நான் மாறியதில்லை.

ஓட்டைப் பெட்டியின் கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் எழுதினார். ரிச்சர்ட் ஸ்மால் சிட்னி பல்கலைக்கழகத்தில் அதை வளர்த்து 1972, 73-இல் கட்டுரைகளாக வெளியிட்டார். வூஃபரோடு வரும் தாளில் இருக்கும் மூன்று நாலு எண்களை வைத்து, பலகை அறுப்பதற்கு முன்பே பெட்டி எப்படிப் பாடும் என்று சொல்லிவிடலாம். இந்தக் கணக்கு இருந்த, அந்த இன்ஜினியரிங் பையன் கொடுத்த ஜெராக்ஸ் தாள் மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, இன்னும் என்னிடம் இருக்கிறது.

அமெரிக்காவில் இடத்தோடு நடக்கும் இந்தப் போராட்டம் எங்களுக்கு முன்பே நடந்திருந்தது. அங்கே பிக்கப் லாரியில் சீட்டுக்குப் பின்னால் கையகல இடம்தான். ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் ஊரில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகையில் மேடைக் கச்சேரிகளுக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவர்கள், 1980-இல் அந்த இடத்துக்கென்றே ஒரு பெட்டி செய்து கிக்கர் என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் பின் சீட்டின் சாய்வை அட்டையில் வெட்டி அளவெடுத்து, முதுகு சாய்ந்த பெட்டி அடித்தோம். நேர்ப்பெட்டி வைத்தால் சீட்டுக்குப் பின்னால் வீணாகும் முக்கோண இடம், சாய்வுப் பெட்டியில் நாலு ஐந்து லிட்டர் காற்றாகத் திரும்பக் கிடைக்கும்.

காரின் உள்ளறை நமக்குத் தரும் வரத்தை நான் தற்செயலாகத்தான் கண்டேன். 1998 வாக்கில் ஒரு மூடிய பெட்டியைப் பட்டறைத் தரையில் வைத்துப் பாட விட்டேன். பேஸ் சப்பென்று இருந்தது. கெட்டுப்போயிற்றே என்று பயந்துகொண்டே காரில் ஏற்றி, கதவை எல்லாம் சாத்திவிட்டுப் போட்டேன். மார்பில் கை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. கண்ணாடியை இறக்கினேன், பேஸ் வடிந்துவிட்டது. ஏற்றினேன், திரும்பி வந்தது. ஒலி அலையின் பாதி நீளம் காரின் உள்நீளத்தைத் தாண்டிய பிறகு அலை ஓட இடம் இல்லை. கோன் அப்போது மொத்தக் காரின் காற்றையே ஊதி அழுத்தி இழுக்கிறது. சின்னக் கார்களில் 60, 80 ஹெர்ட்ஸ் வாக்கில் இது தொடங்கும். அங்கிருந்து கீழே, ஹெர்ட்ஸ் பாதியாக இறங்கும் ஒவ்வொரு முறையும் 12 டெசிபல் வரை கூடும் என்பது கணக்கு. தகரம் நெளிவதும் ரப்பர் சந்துகளும் அதில் கொஞ்சம் தின்றுவிடும். ஆனால் மூடிய பெட்டி தன் எல்லைக்குக் கீழே அதே 12 டெசிபல் வேகத்தில்தான் இறங்குகிறது. பெட்டி விடுவதைக் கார் பிடிக்கிறது. 12 டெசிபல் என்பது 16 மடங்கு வாட்டுக்குச் சமம். வீட்டுக் கூடத்தில் எந்தப் பெட்டிக்கும் இவ்வளவு கிடைக்காத இந்தக் கொடை, நாலு மீட்டர் காரில் இனாமாகக் கிடைக்கிறது.

இன்னொரு கொடை பஞ்சு. ஏ.ஆர்.-1 கண்ணாடி நாரைத் திணித்தது. நான் எதிர் மூலை மெத்தைக்காரரிடம் வாங்கிய போடி இலவம் பஞ்சை உதிர்த்துப் போட்டேன். காற்றை அழுத்தினால் சூடேறும், சூடேறினால் முரண்டு கூடும். பஞ்சு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வதால் காற்றின் முரண்டு தணிகிறது, பெட்டி பெரிதானதுபோலக் கோனுக்குத் தோன்றும். நூற்றுக்கு நாற்பது வரை என்பது கணக்கின் உச்சம். நடைமுறையில் பத்திலிருந்து இருபது. இலவம் பஞ்சு நாளடைவில் கட்டி தட்டி மூலையில் உட்கார்ந்துவிடும் என்பதால் இப்போது பாலியஸ்டர் பஞ்சுதான் போடுகிறேன். பஞ்சு அதே மெத்தைக்காரரிடம்தான் வாங்குகிறேன்.

வாட் மலிவானது கடைசியாக நடந்த மாற்றம். நான் வந்த புதிதில் ஆம்ப் பாதிக்குப் பாதி சூடாகவே போகும். சீட்டுக்கு அடியில் வைத்தால் கால் சுடும். டி கிளாஸ் ஆம்ப் வந்தபின் கைப்பை அளவில் ஐந்நூறு வாட் கிடைக்கிறது. இரும்பு விதி கேட்கும் விலையைக் கட்ட இப்போது எல்லோராலும் முடிகிறது. அதனால்தான் சீட்டுக்கு அடியில் போகும் தட்டைப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் விற்கின்றன. அவை 12 இன்ச் ஒரு கன அடியில் தரும் ஆழத்தைத் தருவதில்லை. ஆனால் டிக்கியே வேண்டாம் என்கிறவர்களுக்கு நல்ல துணை. அதை வாங்காதே என்று நான் யாரையும் தடுத்ததில்லை.

போன மாதம் டிசையரோடு ஒரு அம்மா வந்தார். மகன் வெளியூரில் வேலை, வருஷம் இரண்டு முறை வருவான், வந்தால் இந்தக் காரில்தான் சுற்றுவான். டிக்கியில் ஸ்டெப்னி எடுக்க முடிய வேண்டும், காய்கறிப் பை வைக்க வேண்டும், இரண்டுக்கும் இடைஞ்சல் கூடாது. இடது சக்கர வளைவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் டேப் ஒட்டி, ஃபைபர் பாயும் ரெசினும் நாலு அடுக்கு போட்டு ஒரு தொட்டி எடுத்தேன். கோணல் தொட்டியின் கொள்ளளவை டேப்பில் அளக்க முடியாது. பொரி வாங்கி, லிட்டர் மக்கில் அளந்து அளந்து கொட்டினேன். பதினேழு லிட்டர். அதற்குத் தகுந்த பத்து இன்ச், மூடிய பெட்டி, கால் கிலோ பஞ்சு. ஆம்பில் பிளஸ் மைனஸ் வயரை மாற்றி மாற்றிப் போட்டு, கதவு ஸ்பீக்கரோடு எது சேர்ந்து நிற்கிறது என்று முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டேன். நம்பர் பிளேட் கடகடத்தது. அதன் பின்னால் ரப்பர் பட்டை ஒட்டினேன்.

"ஸ்டெப்னி எடுக்க முடியுமா அண்ணே?" என்றார் அந்த அம்மா.

தரைப்பலகையைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துத் தரையில் உருட்டிக் காட்டிவிட்டு, திரும்ப உள்ளே வைத்தேன்.